பின்பால் எந்திரம் வாங்குவதா, திரையிலேயே ஆடுவதா?

மதுரை கே.கே. நகரில் என் மாப்பிள்ளை, அதாவது மனைவியின் தம்பி, ஒரு ஜூஸ் கடை நடத்துகிறான். கடைக்குப் பின்புறம் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. காலேஜ் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து பேசும் இடமாக அதை மாற்ற வேண்டும் என்பது அவன் ஆசை. சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு வீட்டுக்கு வந்தவன், "மாமா, அந்த ரூம்ல ஒரு பின்பால் மிஷின் போடலாம்னு பாக்குறேன். நிஜ மிஷினே இறக்கிரலாமா, இல்ல கம்ப்யூட்டர்ல பழைய பின்பால் போட்டுவிட்டா போதுமா? நீங்கதான் ரெண்டும் ஆடியிருக்கீங்க, சொல்லுங்க" என்றான்.

"யோசிச்சுச் சொல்றேன் மாப்ள" என்று அனுப்பி வைத்தேன். கேள்வி மட்டும் என்னை விடவில்லை. இருபது வருஷமாகக் கப்பலூரில் ரப்பர் உதிரிபாகங்கள் வார்க்கும் பட்டறையில் இருக்கிறேன். ரப்பரில் ஒரு பொருள் மோதினால் எப்படித் துள்ளும் என்பதுதான் என் பிழைப்பு. சாய்ந்த பலகையில் உருண்டு வரும் குண்டை, கீழே விழுந்துவிடாமல் ஃப்ளிப்பர் என்ற இரண்டு துடுப்புகளால் தட்டித் தட்டி மேலே அனுப்பி எண் சேர்க்கும் ஆட்டம்தான் பின்பால். அதிலும் பாதி சங்கதி அதுதான். அதனால் இரண்டு மாதம் பழைய ஆட்டங்களைத் தேடி ஆடிப் பார்த்தேன், எந்திரங்களைப் பற்றி விசாரித்தேன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் நாற்பது வயதுக்காரர்களிடம் பின்பால் என்று சொன்னால் உடனே நினைவுக்கு வருவது விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் இருந்த அந்த விண்வெளி ஆட்டம். ஸ்பேஸ் கேடட் என்று பெயர். 2003, 2004 வாக்கில் சிம்மக்கல் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவேன். ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய். மெயில் பார்ப்பது பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மிச்ச ஐம்பது நிமிஷமும் பின்பால். நெட் போய்விட்டாலும் ஆட்டம் நிற்காது. இடது ஃப்ளிப்பருக்கு இசட் விசை, வலதுக்குச் சாய்கோட்டு விசை, குண்டை ஏவ ஸ்பேஸ் பார். அங்கே மூன்றாவது கணினியின் இசட் விசையில் எழுத்தே அழிந்து, ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கும். எத்தனையோ பேருடைய இடது கைவிரல் தேய்த்த தேய்ப்பு அது. அந்த நாற்காலிக்குத்தான் எல்லோரும் காத்திருப்போம்.

அதற்கும் முன்னால் இன்னொன்று உண்டு. தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் அப்பா வாங்கித் தந்த ஆணிப் பலகை. ஸ்பிரிங் குச்சியை இழுத்து விட்டால் கோலிக்குண்டு வளைந்து மேலே ஓடி, ஆணிகளில் தட்டித் தட்டி, எண் போட்ட ஏதாவது ஒரு கூட்டுக்குள் விழும். பாகடெல் என்று ஐரோப்பாவில் சொன்ன ஆட்டத்தின் பேரப்பிள்ளை அது. அந்த ஸ்பிரிங் குச்சிக்கு 1871-ல் மான்டேகு ரெட்கிரேவ் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். பின்பாலின் வேர் அதுதான். ஆட்டக்காரர் கையில் தட்டித் திருப்பும் ஃப்ளிப்பர் வந்து சேர்ந்தது 1947-ல், காட்லீப் நிறுவனத்தின் ஹம்ப்டி டம்ப்டி எந்திரத்தில். அதுவரைக்கும் குண்டை விட்டுவிட்டு, எந்திரத்தை உலுக்கி, இடித்து, எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் ஆட்டம். தமுக்கத்துப் பலகையைக் கையில் தூக்கி நாங்கள் சாய்த்துச் சாய்த்து ஆடியதும் அதேதான். அண்ணன் அதைக் கள்ளாட்டம் என்று சொல்லிப் பிடுங்கிக்கொள்வான். உண்மையில் அதில்தான் பின்பாலின் பெரிய வித்தையே இருக்கிறது என்பது எனக்குத் தெரியவந்தது வெகுநாள் கழித்து.

2018-ல் வேலை விஷயமாக மூன்று வாரம் ஹங்கேரியில் இருந்தேன். பூடாபெஸ்டில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் பின்பால் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. நூறுக்கும் மேற்பட்ட எந்திரங்கள். நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டால் போதும், எந்திரத்தில் தனியாகக் காசு போட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் உள்ளே போனவன், கதவைச் சாத்தும் நேரத்தில்தான் வெளியே வந்தேன்.

ஸ்பேஸ் கேடட் ஆடிய கை நமக்கு, சமாளித்துவிடலாம் என்று நினைத்துத்தான் முதல் குண்டை இழுத்து விட்டேன். ஐந்து நொடியில் போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. திரையில் எனக்குத் தெரியாமல் இருந்தது குண்டின் கனம். எஃகுக் குண்டு, 27 மில்லிமீட்டர் விட்டம், 80 கிராம் எடை. ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுதான், ஆனால் நெல்லிக்காய் போலவா உருளும்? பலகை ஆறரை டிகிரி சாய்ந்திருக்கிறது. குண்டு மேலே வேகம் குறைந்து தயங்கி, திரும்பி இறங்கும்போது வேகம் பிடித்து வருகிறது. ஃப்ளிப்பர் அதை அடிக்கும் அடி பெட்டியின் மரத்தில் ஏறி உள்ளங்கைக்கு வந்து சேர்கிறது. இலவச ஆட்டம் ஒன்று கிடைத்தால், உள்ளே ஒரு காயில், அதாவது மின்கம்பிச் சுருள், இரும்புக் கம்பியை மரத்தில் ஓங்கி அடிக்கும். யாரோ கதவில் கல்லெறிந்த மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே திரும்பத் திரும்ப ஆடலாம்.

பக்கத்து எந்திரத்தில் வெள்ளை முடிக்காரர் ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். அவர் ஃப்ளிப்பரைப் பட்டென்று தட்டுவதே குறைவு. குண்டு வரும்போது ஃப்ளிப்பரைத் தூக்கிப் பிடித்து, அதன் அடிமடியில் குண்டை நிறுத்திவிடுவார். மூச்சு விட்டுக்கொண்டு, எங்கே அடிப்பது என்று பார்த்து அப்புறம் அடிப்பார். ஓரச் சந்தில் விழப்போகிற குண்டு ரப்பர் தூணில் படும் அதே கணத்தில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் பெட்டிக்கு ஒரு தள்ளு. அரை அங்குலம்கூட அசையாது. ஆனால் குண்டு மனசு மாறி உள்ளே வந்துவிடும். அண்ணன் கள்ளாட்டம் என்று பிடுங்கிய அந்தப் பலகைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அளவுக்கு மீறி இடித்தால் டில்ட் விழும். அந்தக் குண்டு போச்சு, சேர்த்து வைத்த போனசும் போச்சு. எப்படி அது கண்டுபிடிக்கிறது என்பதை அன்றைக்கே பார்த்துவிட்டேன். ரிப்பேருக்காக ஓர் எந்திரத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே பெட்டியின் ஓரத்தில் ஒரு கம்பி தொங்குகிறது, அதன் முனையில் கூம்பு வடிவ எடை, அதைச் சுற்றித் தொடாமல் ஓர் உலோக வளையம். நம் கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டேதான்! பெட்டி அதிகமாக ஆடினால் குண்டு வளையத்தில் பட்டு மின்சுற்று மூடுகிறது. எடையை மேலே கீழே நகர்த்தி, எவ்வளவு இடிக்கலாம் என்பதை எந்திரத்துச் சொந்தக்காரர் முடிவு செய்கிறார்.

திரை பின்பாலிலும் இடிக்கலாம். ஸ்பேஸ் கேடடில் அதற்கென்றே மூன்று விசைகள் உண்டு. அளவுக்கு மீறினால் அங்கேயும் டில்ட். ஆனால் விசையை அழுத்தினாயா இல்லையா என்பது மட்டும்தான் அங்கே கணக்கு. எவ்வளவு அழுத்தினாய் என்று யாரும் கேட்பதில்லை. பின்பால் எந்திரத்தில் அந்த 'எவ்வளவு' தான் எல்லாமே. என்னைக் கேட்டால் இரண்டுக்கும் நடுவே இதைவிடப் பெரிய வித்தியாசம் கிடையாது.

அடுத்த வித்தியாசம் ரப்பர். எந்திரத்தில் குண்டு மோதும் இடமெல்லாம் ரப்பர் வளையம்தான்: ஃப்ளிப்பரைச் சுற்றி, தூண்களைச் சுற்றி, உதைத்துத் தள்ளும் முக்கோணங்களைச் சுற்றி. வெள்ளை வளையத்தில் துள்ளல் அதிகம். கறுப்பில் கார்பன் பிளாக் சேர்வதால் கெட்டி கூடும், துள்ளல் குறையும், பலகை மேல் கறுப்புத் தூளும் படியும். விறைப்பாக இழுத்து மாட்டினால் ஒரு மாதிரி அடிக்கும், தொளதொளவென்று இருந்தால் வேறு மாதிரி. காற்றிலுள்ள ஓசோன் பட்டு நாளாவட்டத்தில் மேல் தோல் வெடிக்கும். அதனால் ஒரே மாடலில் இரண்டு எந்திரங்கள் அடுத்தடுத்து நின்றாலும் ஒரே மாதிரி ஆடாது.

திரையில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க விஷுவல் பின்பால் என்ற இலவச மென்பொருளைத் திறந்தேன். 2000-ல் வந்தது, இன்றுவரை ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்து வருகிறார்கள். ஒரு ரப்பர் துண்டைத் தொட்டால், துள்ளலுக்கு ஓர் எண், மோதும் வேகம் கூடும்போது துள்ளல் எவ்வளவு குறையும் என்பதற்கு ஓர் எண், உராய்வுக்கு ஒன்று, மோதிச் சிதறும் கோணத்துக்கு ஒன்று. எனக்குச் சிலிர்த்துவிட்டது. பட்டறையில் நாங்கள் சோதனைத் துண்டை வைத்துப் பார்த்து நோட்டில் எழுதும் விஷயங்கள் அவை. எங்கோ யாரோ ரப்பரைப் பற்றி உட்கார்ந்து, ஆசையாக யோசித்திருக்கிறார்கள். அதனால் திரை பின்பாலைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு விஷயம் மட்டும்: அந்த எண்ணுக்கு வயதாவதில்லை. நான் வார்க்கும் வளையத்துக்கு வயதாகும். அதை மாற்ற ஒரு கை வேண்டும். கடை வைக்கிறவன் முதலில் யோசிக்க வேண்டியது அந்தக் கையைப் பற்றி.

ஸ்பேஸ் கேடட் ஏன் காணாமல் போனது தெரியுமா? மாக்சிஸ் நிறுவனம் 1995-ல் வெளியிட்ட ஃபுல் டில்ட் பின்பால் என்ற ஆட்டத்தில் மூன்று மேசைகள், அதாவது மூன்று ஆட்டப் பலகைகள். அதில் ஒன்றைத்தான் மைக்ரோசாஃப்ட் விண்டோஸோடு சேர்த்துக்கொண்டது. எக்ஸ்பி வரை வந்தது, விஸ்டாவில் இல்லை. 64 பிட் கணினிக்கு மாற்றியபோது குண்டு எதிலும் மோதாமல் ஊடுருவிப் போய்விட்டது, காரணம் பிடிபடாமல் ஆட்டத்தையே எடுத்துவிட்டோம் என்று அங்கே வேலை பார்த்த ரேமண்ட் சென் பிற்பாடு எழுதினார். திரையில் சுவர் என்று ஒன்று தானாக நிற்பதில்லை. ஒவ்வொரு கணமும் கணக்குப் போட்டு நிறுத்த வேண்டியிருக்கிறது.

சரி, அப்படியானால் பழைய திரை பின்பால் மட்டமா? இல்லவே இல்லை. இரண்டு மாதம் ஆடியதில் எனக்குப் பட்டது இதுதான்: எந்திரத்தைப் பார்த்து அப்படியே வரையப் பார்த்த பழைய ஆட்டங்களைவிட, எந்திரத்தால் முடியாததைச் செய்த ஆட்டங்கள் இன்றும் புதுசாக இருக்கின்றன. டிவியில் மாட்டி ஆடும் அட்டாரி 2600 என்ற பழைய ஆட்டப்பெட்டியில் வந்த வீடியோ பின்பாலில் குண்டே சதுரம். அதை இன்று பத்து நிமிஷத்துக்கு மேல் ஆட முடியவில்லை. பில் பட்ஜ் என்பவர் 1980களின் தொடக்கத்தில் செய்த பின்பால் கன்ஸ்ட்ரக்ஷன் செட் வேறு ரகம். குண்டைத் தட்டிவிடும் பம்பரை, ஃப்ளிப்பரை நீங்களே எடுத்து வைத்து மேசையைக் கட்டிக்கொள்ளலாம். மரமும் காயிலும் வைத்து ஒரு சிறுவன் இதைச் செய்ய எத்தனை வருஷம் பிடிக்கும்?

1990-ல் வந்த டெவில்ஸ் கிரஷ் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மூன்று திரை உயரத்துக்கு ஒரே மேசை. மண்டையோடுகள் வாய் திறக்கின்றன, சின்னச் சின்ன உருவங்கள் ஊர்வலமாக நடக்கின்றன, அவற்றின் மேல் குண்டை விட்டு அடிக்க வேண்டும். எந்த எந்திரத்திலும் இதைக் கட்ட முடியாது, கட்டவும் வேண்டாம். அது திரைக்கென்றே பிறந்தது. 1999-ல் கேம் பாய் கலர் என்ற கையடக்க ஆட்டக்கருவிக்கு வந்த போக்கிமான் பின்பாலும் அந்த ஜாதி. குண்டால் அடித்து அடித்துப் போக்கிமான்களைப் பிடித்துச் சேர்க்க வேண்டும். அந்தக் கேசட்டுக்குள்ளேயே ஒரு சின்ன பேட்டரி போட இடம் வைத்து, அடி விழும்போது கையில் அதிரும்படி செய்திருந்தார்கள். கனத்தைக் கைக்குக் கொண்டுவர அவர்கள் பட்ட பாடு எனக்குப் புரிகிறது.

எந்திரத்தின் பக்கம் நெருங்கிப் போனதில் ஸ்வீடன்காரர்கள் 1992-ல் அமிகா கணினிக்குச் செய்த பின்பால் டிரீம்ஸைச் சொல்லலாம். நான்கு மேசைகள், குண்டோடு கூடவே மேலும் கீழும் ஓடும் திரை, நல்ல இசை. இந்தக் குழுதான் பிற்பாடு பேட்டில்ஃபீல்ட் ஆட்டங்களைச் செய்தது. குண்டின் வேகம் நம்பும்படி இருக்கிறது. ஆனால் மேசை முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாதது எனக்குக் குறைதான். எந்திரத்தில் கண் எப்போதும் குண்டுக்கு ஒரு அடி முன்னாலேயே போய் நிற்கும்.

திரைக்கே உரிய இன்னொரு சுகம் உண்டு. ஸ்பேஸ் கேடடில் கேடட்டாகத் தொடங்கி ஒவ்வொரு பணியாக முடித்து, எட்டுப் படி ஏறி ஃபிளீட் அட்மிரல் ஆக வேண்டும். மேசை எப்போதும் ஒரே மேசை, தூசி படியாது, வளையம் தளராது. இன்று தவறவிட்ட அடியை நாளைக்கு அதே இடத்தில் பழகலாம். ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளைகள் தூங்கிய பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு ஆடலாம். எட்டு வயது மகளுக்கு உட்கார்ந்து சொல்லித்தரலாம். சொல்லித்தந்தேன், இப்போது அவள்தான் வீட்டில் கமாண்டர். இதெல்லாம் எந்திரம் தராது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது என்று மாப்பிள்ளை ஒரு நாள் போனில் காட்டினான். பின்பால் எந்திரம் மாதிரியே மரப்பெட்டி, உள்ளே பலகைக்குப் பதிலாக 43 அங்குல டிவியைப் படுக்க வைத்தது, பக்கத்தில் பட்டன், இடித்தால் உணரும் சில்லு, அதிர்வுக்கு உள்ளே காயில். ஒரே பெட்டியில் நூற்றுக்கணக்கான மேசைகள். "தச்சர் நம்ம ஆளு மாமா, பெட்டிய அடிச்சுருவாரு" என்றான். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒன்றரை லட்சத்துக்குள் முடியும் போலத் தெரிந்தது. வீட்டுக்கென்றால் நான் இதையே சொல்லியிருப்பேன். டிவி மட்டும் பார்த்து வாங்க வேண்டும். பட்டனை அழுத்தியதற்கும் ஃப்ளிப்பர் தூக்குவதற்கும் நடுவே கண்ணிமைக்கும் நேரம் பிந்தினாலும் ஆட்டம் கெட்டுவிடும். தலையைச் சாய்த்தால், குண்டு ஏறி ஓடும் பாலத்துக்கு அடியில் எட்டிப் பார்க்க முடியாது, படம் தட்டையாகவே இருக்கும். போகட்டும், அதற்குக் கண் பழகிவிடும். கடைக்குத்தான் அது சரிப்படாது. அந்த மேசைகளில் பெரும்பாலானவை பழைய எந்திரங்களைப் பார்த்து ஆர்வலர்கள் செய்தவை. வீட்டில் ஆடத்தான் கொடுக்கிறார்கள். காசு வாங்கி ஆடவிடும் இடத்தில் அவற்றைப் போடுவது முறையில்லை. ஒருத்தர் ஆசைக்குச் செய்ததை நாம் வியாபாரமாக்கக்கூடாது என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

அப்போ எந்திரம். அதில் மூன்று வகை இருக்கிறது, மூன்றுக்கும் விதி வேறு.

புது எந்திரம் என்றால் இன்று பெரிய பெயர் அமெரிக்காவின் ஸ்டெர்ன். அடிப்படை மாடலே சுமார் 7,000 டாலர், அதாவது ஆறு லட்சம் ரூபாய் அளவுக்கு. கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் தனி. ஆட்டத்துக்கு இருபது ரூபாய் வாங்கினாலும், எந்திரத்தின் விலையை மட்டும் எடுக்க முப்பதாயிரம் ஆட்டம் நடக்க வேண்டும். நாளுக்கு முப்பது ஆட்டம் என்றால் ஆயிரம் நாள். "ஜூஸ் வித்தே இதை எடுத்துருவேன்" என்றான் மாப்பிள்ளை. அப்படியானால் அது வியாபாரம் இல்லை, ஆசை. ஆசைக்கு ஆறு லட்சம் அவனிடம் இல்லை.

1990களின் எந்திரங்களைத்தான் ஆர்வலர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். 1992-ல் வந்த ஆடம்ஸ் ஃபேமிலி 20,270 எந்திரங்கள் விற்றது. பலகைக்கு அடியில் காந்தங்கள் குண்டைத் திசை மாற்றும். ஒரு பெட்டியிலிருந்து கை ஒன்று வெளியே வந்து குண்டைக் கவ்விக்கொண்டு போகும். பூடாபெஸ்டில் அதைப் பார்த்து வாயடைத்து நின்றேன். இந்த வகையில் பெரிய பெயரான வில்லியம்ஸ் நிறுவனம் 1999-ல் பின்பால் தொழிலையே மூடிவிட்டதால் அந்தக் காலத்து எந்திரங்களுக்கு மவுசு ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் உள்ளே எல்லாம் மின்னணுப் பலகைகள். நினைவகத்துக்காக வைத்த பேட்டரி கசிந்து பலகையை அரித்துவிடும். ஒரு சில்லு போனால் மதுரையில் எங்கே போய் நிற்பது? இந்த எந்திரத்தைத் தொட்டுப் பழகிய மெக்கானிக் ஒருவரையும் எனக்கு இங்கே தெரியாது.

மூன்றாவது, 1970கள் வரை வந்த மின்பொறி எந்திரங்கள். இவற்றில் சில்லே கிடையாது. ரிலே என்ற மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், காயில், சுழலும் எண் உருளைகள், மணி, எல்லாவற்றையும் வரிசையாக இயக்க ஒரு சின்ன மோட்டார். ஆட்டம் எளிமையானது. பாலம் கிடையாது, பேசும் குரல் கிடையாது. ஆனால் மூடியைத் திறந்தால் எது எதை இழுக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். பலரும் புதிதுதான் பத்திரம் என்பார்கள். என் முடிவு நேர்மாறானது. மதுரைக்கு எந்திரம் என்றால் இந்தப் பழைய ஜாதிதான்.

காரணத்தைச் சொல்கிறேன். காயில் எரிந்தால் என்ன செய்வோம்? மோட்டார் காயில் கட்டும் கடை நம் ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. கம்பி கனம், சுற்று எண்ணிக்கை சொன்னால் சாயங்காலத்துக்குள் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஃப்ளிப்பர் காயிலில் மட்டும் கவனம் வேண்டும். அதில் இரண்டு சுற்று இருக்கும்: ஓங்கி அடிக்க ஒன்று, தூக்கிய நிலையில் சூடாகாமல் பிடித்து வைக்க இன்னொன்று. முனையில் ஒரு சுவிட்ச் திறந்து முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும். அந்த சுவிட்ச் ஒட்டிக்கொண்டால்தான் காயில் புகையும். ரிலே முனையில் அழுக்குப் படிந்தால் மெல்லிய அரத்தால் ஒரு தேய்ப்பு. கால் ஆடினால் தச்சர். ரப்பர் வளையத்துக்கு நான் இருக்கிறேன். நம் வெயிலுக்கும் தூசிக்கும் வளையம் சீக்கிரம் போகும் என்பது தெரிந்ததுதான். அச்சு ஒரு தடவை செய்துவிட்டால் அதற்குப் பிறகு வார்ப்பது பெரிய வேலை இல்லை. இப்படி எந்திரத்தின் முக்கால்வாசி உறுப்புக்கு நம் ஊரிலேயே கை இருக்கிறது. தலைப்பெட்டிக் கண்ணாடியில் வரைந்த படமும் ஆட்டப் பலகையின் சாயமும் மட்டும் போனால் போனதுதான். வாங்கும்போது அவை இரண்டையும்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

மின்சாரம் ஒரு விஷயம். அமெரிக்க எந்திரம் 115, 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230-ல் நேராகச் சொருகினால் அன்றோடு சரி. இறக்குமின்மாற்றி ஒன்று கட்டாயம். அங்கே மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி, நமக்கு 50. அந்த மோட்டார் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், அவ்வளவுதான். கரண்ட் போனால் ஆட்டம் பாதியில் நிற்கும், அதற்குப் பிள்ளைகளிடம் வருத்தம் தெரிவித்துவிட்டு ஒரு ஆட்டம் சும்மா கொடுத்துவிடலாம். இடம் போதும்: ஏறக்குறைய ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம், நிற்க மூன்றடி. நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் என்றாலும் கால்களைக் கழற்றலாம், தலைப்பெட்டியையும் கழற்றலாம்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொன்னேன். பரிசு, பந்தயம் என்று எதையும் அந்த அறைக்குள் கொண்டுவரக்கூடாது. நியூயார்க் நகரம் 1942-ல் பின்பாலைச் சூதாட்டம் என்று தடை செய்து, எந்திரங்களைச் சம்மட்டியால் உடைத்தது. 1976-ல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்ற உறுப்பினர்கள் முன்னிலையில், குண்டு எந்தச் சந்தில் போகும் என்று முன்கூட்டியே சொல்லி அடித்துக் காட்டிய பிறகுதான் தடை விலகியது. கைத்திறன் என்று நிரூபிக்க முப்பத்து நாலு வருஷம் ஆகியிருக்கிறது. அந்தப் பெயரை நம் கடையில் கெடுக்க வேண்டாம்.

"அப்ப கம்ப்யூட்டர் வேண்டாம்ங்கிறீங்களா மாமா?" என்று கேட்டான். அதுவும் வேண்டும் என்றேன். என் வீட்டுப் பரணில் எக்ஸ்பி போட்ட பழைய கணினி இருக்கிறது, பெரிய மானிட்டரோடு. அதை அறையின் மூலையில் வைப்போம். ஜூஸ் வரும்வரை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் ஸ்பேஸ் கேடட் ஆடட்டும். எந்திரத்தில் ஆட வரிசையில் நிற்கிறவனுக்கு நேரமும் போகும். முதலில் அதில் ஆடிவிட்டு அப்புறம் எந்திரத்தில் கை வைத்தால், எனக்குப் பூடாபெஸ்டில் தெரிந்தது அவனுக்கு இங்கேயே தெரிந்துவிடும்.

எந்திரம் கிடைக்காவிட்டால் கணினி மட்டும் போதுமா என்றும் யோசித்தோம். போதாது. கடைக்கு வருகிற பையன் கையில் இருக்கும் போனிலேயே பின்பால் இருக்கிறது, அதற்காக அவன் கே.கே. நகர் வரை வரமாட்டான். வீட்டில் ஆடுகிறவர்களுக்கு என் பதில் வேறு: திரையே போதும், அதில் டெவில்ஸ் கிரஷையும் ஸ்பேஸ் கேடடையும் விட்டுவிடாதீர்கள்.

விசாரித்ததில் பெங்களூருவில் ஒருவரிடம் 1970களின் எந்திரம் ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. ஒருவர் ஆடும் மாடல். இடது ஃப்ளிப்பர் சோர்ந்து தூக்குகிறது, பத்துகள் இடத்து எண் உருளை சிக்கிக்கொள்கிறது, ரப்பர் எல்லாம் கல்லாகிவிட்டது என்று அவரே ஒளிக்காமல் சொன்னார். கண்ணாடிப் படம் முழுசாக இருக்கிறதாம். விலை இன்னும் பேசவில்லை. மாப்பிள்ளை அதற்குள் அறையின் தரையில் சாக்பீஸால் ஐந்தடிக்கு இரண்டரை அடி கட்டம் போட்டு, அதில் யாரையும் கால் வைக்க விடுவதில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுகிறோம். பையில் மல்டிமீட்டர், டார்ச், மெல்லிய அரம், சின்ன ரசமட்டம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். வெள்ளை வளையங்களை மூன்று கெட்டியில், கெட்டிக்கு எட்டு வீதம் வார்த்து, தனித்தனிக் கவரில் எண் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்தப் பலகைக்கு எது பொருந்துகிறது என்று அங்கேயே மாட்டி, ஒரு குண்டு விட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுவதாக உத்தேசம்.